சேற்றில் வாழும் நுண்ணுயிர்: மெலியோய்டோசிஸ் ஆய்வு வரலாறும் கெடா மண்ணும்

கெடா மாநிலத்தின் மேற்குக் கரையோரத்தில், ஜெராய் மலை அடிவாரத்துக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே அமைந்த சிறிய மாவட்டம் யான். மலையின் தென்புறத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. இராசேந்திர சோழன் வென்ற கடாரம் என நம் நெஞ்சில் பதிந்த பகுதி அது. கடாரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மெய்க்கீர்த்தியையும் கப்பற்படையையும் பேசத் தொடங்குவது நமது வழக்கம். இவ்வுரையில் அவற்றைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு, அம்மலையின் மறுபுறத்தில் அடிவானம் வரை விரிந்து கிடக்கும் நெல்வயல்களின் சேற்றைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். அச்சேற்றிலும் ஒரு வரலாறு உண்டு. அதனை எழுதியவர்கள் கல்வெட்டாளர்கள் அல்லர். நுண்ணோக்கியின் முன் அமர்ந்தவர்கள்.

அச்சேற்றில் ஒரு நுண்ணுயிர் வாழ்கிறது. அறிவியலார் அதனைப் பர்க்கோல்டேரியா சூடோமல்லை என்பர். அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். தோட்டப்புறத் தமிழர் வாழ்வை எழுதியோர் மலேரியாவை எழுதினர், சஞ்சியை எழுதினர், கள்ளுக்கடையை எழுதினர், லயத்து வாழ்க்கையை எழுதினர். இந்நோய் அவ்வெழுத்துகளில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மலேரியா முறைவைத்து வந்து நடுக்கி எடுக்கும். அதனை அறியாதார் இல்லை. இந்நோயோ தனக்கென்று ஒரு முகம் இல்லாதது. நுரையீரலில் வந்தால் காசநோய் போலத் தோன்றும்; கல்லீரலில் வந்தால் சீழ்க்கட்டி; தோலில் வந்தால் ஆறாத புண்; இரத்தத்தில் கலந்தால் இரண்டு மூன்று நாளில் உயிரைக் கொண்டுபோகும் காய்ச்சல். முகமில்லாத ஒன்றை இனங்கண்ட கதையைத்தான் இனிக் கூறப் போகிறோம்.

இரங்கூன்: பிணவறையில் தொடங்கிய ஆய்வு

1911 ஆம் ஆண்டு. இரங்கூன் அன்று பிரித்தானிய இந்தியாவின் ஒரு துறைமுக நகரம். தமிழரும் தெலுங்கரும் கூலிகளாகவும் வணிகர்களாகவும் அங்குத் திரளாக வாழ்ந்த காலம். அந்நகரப் பொது மருத்துவமனையின் நோய்க்குறியியல் அறிஞர் ஆல்பிரெட் விட்மோர். அவருடைய உதவியாளர், தென்னிந்தியப் பெயர் தாங்கிய சி. எஸ். கிருஷ்ணசாமி. இறந்தோரின் உடலை அறுத்து ஆராயும் பணியில் இருவரும் ஒரு புதிரைச் சந்தித்தனர். வீடற்றவர், நலிந்தவர், மார்பியா ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கமுடையவர் எனச் சிலருடைய நுரையீரலில் பாலாடைக்கட்டி போன்ற திண்மையும், கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளும் காணப்பட்டன. பார்வைக்கு அது குதிரைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கிளாண்டர்ஸ் என்னும் நோயை ஒத்திருந்தது. ஆனால், இறந்தவர்களோ குதிரைகளோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள்.

இங்கே அவ்விருவரும் செய்தது மாணவர்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. தோற்றம் ஒத்திருக்கிறது என்பதோடு அவர்கள் நிறைவடையவில்லை. உடலிலிருந்து நுண்ணுயிரைப் பிரித்தெடுத்து ஊடகத்தில் வளர்த்தனர். கிளாண்டர்ஸ் கிருமி அசையாதது. இதுவோ நீந்தித் திரிந்தது. அது மெதுவாக வளரும். இதுவோ விரைந்து வளர்ந்து, மேற்பரப்பில் சுருக்கங்கள் விழுந்த ஏடுபோலப் படர்ந்தது. பின்னர் அதனைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி, அதே நோய் உண்டாவதைக் கண்டனர். 1912 இல் இருவர் பெயரிலும் ஆய்வுக்கட்டுரை இந்திய மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒத்த தோற்றத்துக்குள் ஒவ்வாத ஒன்றைக் கண்டறிந்த கூர்மை இருவருக்கும் உரியது. எனினும், நோய்க்கு 'விட்மோர் நோய்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

கிருஷ்ணசாமி அத்துடன் நிற்கவில்லை. 1917 இல் தாமே ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்நுண்ணுயிரை 200 க்கும் மேற்பட்டவரிடம் கண்டதாகவும், இரங்கூன் பிணஆய்வுகளில் ஏறத்தாழ இருபதில் ஒன்று இந்நோயால் நேர்ந்ததாகவும் அவர் காட்டினார். இது சிறு எண்ணிக்கையன்று. ஆனால், அக்கட்டுரை நோய்க்கு இட்ட பெயர் மார்பியா ஊசியிடுவோரின் இரத்தநஞ்சு என்பது. பெயரே நோயாளியைப் பழித்தது. அதைவிடப் பெரிய கேடு, ஊசியைத் தொட்டறியாத உழவனிடத்தில் இந்நோயைத் தேட வேண்டும் என்னும் எண்ணத்தையே அப்பெயர் அடைத்துவிட்டது என்று நாம் கருதுகிறோம்.

கோலாலம்பூர்: அரிசியும் கினிப் பன்றியும்

மலாயாவில் இக்கதை 1913 இல் தொடங்குகிறது. கோலாலம்பூரில் 1900 இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆய்வுக் கழகத்தில், ஆய்வுக்காக வளர்த்த கினிப் பன்றிகளும் முயல்களும் கூட்டமாக நோயுற்று மாண்டன. ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டாண்டன், வில்லியம் பிளெட்சர் ஆகிய இருவரும் அதனை ஆராய்ந்து, இரங்கூனில் காணப்பட்ட அதே நுண்ணுயிர் இது எனத் தெளிந்தனர்.

இவ்விருவரைப் பற்றிச் சிறிது விலகிப் பேச வேண்டியுள்ளது. ஏனெனில், புழுங்கலரிசி உண்ணும் நமக்கு அவர்கள் வேறொரு வகையிலும் தொடர்புடையவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் சீனத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கொன்றது. தமிழ்த் தொழிலாளர்களை அரிதாகவே தொட்டது. லெனார்டு பிராடன் என்னும் மருத்துவர் இதனைக் கவனித்து, தமிழர் உண்பது புழுங்கலரிசி, சீனர் உண்பது தீட்டிய பச்சரிசி என்னும் வேறுபாட்டைச் சுட்டினார். பிளெட்சர் அதனைச் சோதனையில் நிறுவ முற்பட்டார். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் ஒரு பகுதியினருக்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதியினருக்குப் புழுங்கலரிசியும் அளிக்கப்பட்டன. பச்சரிசி உண்டோரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டோரில் ஒருவரும் இறக்கவில்லை. 1907 இல் அம்முடிவு வெளியாயிற்று. பின்னர் ஸ்டாண்டன், ஹென்றி பிரேசரோடு சேர்ந்து, குறைபாடு தீட்டுதலில் நீங்கும் உமியடுத்த படலத்தில் உள்ளது எனக் காட்டினார். நெல்லை வேகவைக்கும்போது அச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதை இன்று அறிவோம். நம் பாட்டிமாரின் நெற்குதிரும் அவியல் அண்டாவும் உலக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றது இவ்வாறுதான். அதே வேளையில், தம் உடன்பாட்டைக் கூறும் நிலையில் இல்லாத மனநோயாளர் மீது அச்சோதனை நடத்தப்பட்டது என்பதையும் ஆசிரியர்கள் வகுப்பில் சொல்லாமல் விடலாகாது.

அரிசியில் நோயின் காரணத்தைத் தேடிக் கண்ட அவ்விருவரும், நெல் விளையும் மண்ணில் மெலியோய்டோசிஸைத் தேடவில்லை. இது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. கொறித்துண்ணும் விலங்குகளே நோயின் இருப்பிடம் என்றும், எலியின் கழிவு பட்ட உணவால் மனிதருக்கு வருகிறது என்றும் அவர்கள் கருதினர். 1921 இல் மெலியோய்டோசிஸ் என்னும் பெயரையும் அவர்களே இட்டனர். கிரேக்க மொழியில் 'மெலிஸ்' என்பது கழுதைகளுக்கு வரும் ஒரு நோய். 'எய்டோஸ்' என்பது சாயல். அச்சாயலை உடையது என்பதே பொருள். நாட்பட்ட நிலையில் நோயாளி உடல் மெலிந்துபோவதால், இப்பெயரைக் கேட்கும் தமிழ்ச் செவிக்கு 'மெலிவு' என்னும் சொல் நினைவுக்கு வரலாம். ஒலியொப்புமையைச் சொற்பிறப்பாகக் கொள்ளும் ஆர்வம் நம்மிடையே மிகுதி. ஆதலால், இவ்விரண்டுக்கும் தொடர்பில்லை என்பதைக் கூறி மேற்செல்வோம்.

1932 இல் அவ்விருவரும் வெளியிட்ட நூலில் 83 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழ அனைவரும் மாண்டவர்கள். அக்காலத்தில் உயிரோடு இருந்தவரிடம் இந்நோயைக் கண்டறிவது அரிது. கண்டறிந்தாலும் கொடுக்க மருந்தில்லை. கெடா அன்று கூட்டு மலாய் மாநிலங்களில் சேராத நாடு. 1909 வரை சயாமின் மேலாதிக்கத்தில் இருந்து, பின்னர்ப் பிரித்தானிய ஆலோசகரின் கீழ் வந்தது. கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தின் கண் வடக்கே எட்டுவதற்கு வெகுநாள் ஆயிற்று.

எலியிலிருந்து மண்ணுக்கு

இந்நுண்ணுயிர் விலங்கில் குடியிருப்பதன்று, மண்ணிலும் நீரிலும் தானாகவே வாழ்வது என்னும் உண்மை 1955 இல் இந்தோசீனத்தில் பிரெஞ்சு அறிஞர் சாம்போன் ஆய்வால் வெளிப்பட்டது. மலேசியாவில் அதனை விரிவாக நிறுவியவர்கள் ஸ்டிராஸ், குரோவ்ஸ், மாரியப்பன், எலிசன் ஆகியோர். 1969 இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு நாட்டின் பல பகுதிகளிலிருந்து மண்ணையும் நீரையும் திரட்டிச் சோதித்தது. மனிதக் கை படாத காட்டில் நுண்ணுயிர் அரிதாகவே கிடைத்தது. நீர் தேங்கும் நெல்வயலிலும், காடழித்துப் புதிதாகச் செம்பனை நட்ட நிலத்திலும் மிகுதியாகக் கிடைத்தது. நிலத்தைத் திருத்தும் கைதான் அதற்கு இடமளிக்கிறது என்பது இதன் உட்பொருள். காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, கன்று நட்ட கைகள் யாருடையவை என்பதைக் கெடாத் தோட்டங்களை அறிந்த ஆசிரியர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அது எவ்வாறு உடலுக்குள் புகுகிறது? வறண்ட காலத்தில் ஈரமுள்ள களிமண்ணின் ஆழத்தில் தங்கியிருக்கும். மழை பெய்து நீர்மட்டம் உயரும்போது மேலே வரும். காலில் உள்ள சிறு கீறல் போதும். புயற்காற்றோடு கூடிய மழையில் நுண்துளியாக மூச்சிலும் புகும். காய்ச்சாத நீரைக் குடிப்பதாலும் வரும். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. உடலுக்குள் சென்றபின் அது நம் உயிரணுக்களுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. ஓர் உயிரணுவை அடுத்ததோடு இணைத்து, வெளியே தலைகாட்டாமலே பரவுகிறது. ஆதலால், பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பின்னர் எழவும் அதனால் முடியும்.

இவ்வுறக்கத்திற்குச் சான்றாக மருத்துவ நூல்கள் எடுத்துக்காட்டும் ஒரு நிகழ்வு நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் சப்பானியரிடம் சிறைப்பட்டுத் தென்கிழக்காசியாவில் இருந்த ஓர் அமெரிக்கப் போர்வீரருக்கு, 62 ஆண்டுகள் கழித்து இந்நோய் வெளிப்பட்டதாக 2005 இல் பதிவாயிற்று. போர்க்கைதி என்பதால் அவருக்கு ஆவணம் இருந்தது. முதுமையில் மருத்துவமனை இருந்தது. நோய் பெயர் பெற்றது. அதே போர்க்காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல பதினாயிரவர். வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கொன்றன என்பதை உயிர்மீண்டோர் கூறினர். அம்முகாம்களில் மழைநீரும் சேறும் ஆறாத காற்புண்களும் ஒருங்கே இருந்தன. மெலியோய்டோசிஸுக்கு வேண்டிய சூழல் அதுவே. ஆயினும் ஆசியத் தொழிலாளர் முகாம்களில் பிணஆய்வு செய்தாரும் இல்லை, ஊடகத்தில் நுண்ணுயிர் வளர்த்தாரும் இல்லை. மருத்துவ வரலாற்றில் இடம்பெறுவதற்கும் ஒரு கணக்கேடு வேண்டியிருக்கிறது.

முடா சமவெளியும் அலோர் ஸ்டார் பதிவேடும்

யான் வயல்கள் முடா சமவெளியைச் சேர்ந்தவை. 1966 முதல் 1970 வரை நிறைவேறிய முடா நீர்ப்பாசனத் திட்டத்தால் முடா, பெடு அணைகளின் நீர் ஏறத்தாழ 96,000 எக்டர் நிலத்தை அடைந்தது. ஒருபோகம் விளைந்த வயல் இருபோகம் கண்டது. சேற்றில் கால் வைக்கும் நாளும் அதனோடு இரட்டித்தது. பின்னர் அறுவடை இயந்திரம் வந்தது. 1970 களின் இறுதியில் இச்சமவெளியின் ஓர் ஊரில் தங்கி ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்காட், அவ்வியந்திரம் ஏழைகளின் கூலியைப் பறித்த கதையை விரிவாக எழுதினார். கூலியைப் பறித்த இயந்திரம் வெறுங்காலைச் சேற்றிலிருந்து விலக்கவும் செய்தது என்பது அவர் பேசாத மற்றொரு பக்கம். நன்மை தீமைகளை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது எளிதன்று.

மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புதுச்சேரி, பராசக்தி முதலிய அறிஞர்கள் 1992 இல் இரத்தத்தில் கலந்த நிலையிலுள்ள 50 நோயாளிகளின் வரலாற்றை வெளியிட்டனர். கெடாவுக்கென்று முறையான கணக்கு 2010 இல்தான் வந்தது. பிற்காலத்தில் நாட்டின் சுகாதாரத் தலைமை இயக்குநராக உயர்ந்த மருத்துவர் முகம்மது ராட்சி அபு ஹசானும் அவருடைய குழுவினரும், அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை உறுதிசெய்யப்பட்ட 145 நோயாளிகளின் பதிவேட்டை ஆராய்ந்தனர். வயதுவந்தோரில் ஆண்டுக்கு இலட்சம் பேருக்கு 16 பேர் என்னும் வீதம் வெளிப்பட்டது. இந்நோய்க்குப் பேர்போன வடகிழக்குத் தாய்லாந்தோடு ஒப்பிடத்தக்க வீதம் அது. நோயுற்றோரில் மூவருள் ஒருவர் இறந்தார். பாதிக்கு மேற்பட்டோருக்கு இனிப்பு நீர் இருந்தது.

இறுதியாகக் கூறிய செய்தியில்தான் நமக்குரிய கவலை அடங்கியிருக்கிறது. இனிப்பு நீர் உள்ளோரின் வெள்ளையணுக்கள் இந்நுண்ணுயிரை எதிர்ப்பதில் தளர்ந்துவிடுகின்றன. மலேசிய நாட்டின் 2019 ஆம் ஆண்டு உடல்நல ஆய்வில், வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் காணப்பட்டது. இந்தியரிடத்தில் மட்டும் அது 31.4 விழுக்காடு. யான் வயல்களில் உழுவோர் பெரும்பாலும் மலாய் உழவர்களே. ஆயினும், செம்பனைத் தோட்டத்தில் வடிகால் வெட்டுவோரும், வீட்டுக்குப் பின்னால் கீரைப்பாத்தி போடும் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளியும், வெள்ளம் வடிந்தபின் வீட்டுச் சேற்றை வெறுங்கையால் வாரும் தாய்மாரும் நம்மவர். 2021 ஆகஸ்டு 18 அன்று ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் யான் ஊர்களில் மரங்களையும் மண்ணையும் கொண்டுவந்து குவித்ததை மாணவர்கள் நினைவில் வைத்திருப்பர்.

அண்மைய ஆய்வுகள்

மருத்துவத்தில் பெருந்திருப்பம் 1989 இல் நேர்ந்தது. தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த ஆய்வில், செப்டாசிடிம் என்னும் மருந்து கடுநோயாளிகளின் இறப்பைப் பாதியாகக் குறைத்தது. இன்றைய முறை இதன்மேல் எழுந்ததே: குறைந்தது 10 முதல் 14 நாள் நரம்பின் வழியே மருந்து, பின்னர் மூன்று மாதம் வாய்வழி மாத்திரை. நலமானதாக எண்ணி மாத்திரையை இடையில் நிறுத்துவோருக்கு நோய் திரும்புகிறது.

1992 இல் நுண்ணுயிருக்கு இன்றைய பெயர் வழங்கப்பட்டது. 2004 இல் அதன் முழு மரபுத்தொகுதி வெளியாயிற்று. இரண்டு நிறமூர்த்தங்கள், 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மரபெழுத்துகள். ஒரு நுண்ணுயிருக்கு இது பெருஞ்செல்வம். மண்ணிலும் நீரிலும் மனித உடலிலும் பிழைக்கத் தெரிந்த அதன் பன்முகத் திறனுக்கு அச்செல்வமே காரணம். 2016 இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,65,000 பேர் இந்நோயுற்று 89,000 பேர் இறப்பதாகக் கணக்கிட்டது. அச்சுமையில் பெரும்பங்கு தெற்காசியாவினுடையது. இலங்கையில் 1927 இலேயே ஒரு நோயாளி பதிவானார். பின்னர் வெகுகாலம் பேச்சில்லை. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி தொடர்ந்து நோயாளிகளைக் கண்டறிந்து வருகிறது. தேடுகின்ற இடத்தில் நோய் இருக்கிறது. தேடாத இடத்தில் 'இல்லை' என்று எழுதப்படுகிறது. தடுப்பூசி இன்னும் பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

மொழிப்பணியில் ஈடுபட்டுள்ள நமக்கு எஞ்சியிருப்பது பெயர் பற்றிய வினா. எலியின் சிறுநீரால் வரும் நோய்க்கு 'எலிக்காய்ச்சல்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது. அதனைக் கேட்ட சிறுவனும் எலியைக் கண்டு விலகுவான். மெலியோய்டோசிஸ் என்னும் கிரேக்கப் பெயரிலோ கழுதை இருக்கிறது, மண் இல்லை. 'மண்காய்ச்சல்' என வழங்கலாமா என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டு. காய்ச்சலின்றிப் புண்ணாக மட்டும் வரும் நிலையை அப்பெயர் மறைக்கும் என்பது உண்மையே. எனினும், எங்கிருந்து வருகிறது என்பதை அது சொல்லிவிடுகிறது. கலைச்சொல்லாக மெலியோய்டோசிஸ் இருக்கட்டும்; பேச்சுவழக்கில் மண்காய்ச்சல் புழங்கட்டும் என்பது எம் கருத்து. இதனினும் சிறந்த சொல்லை ஆசிரியர்கள் தருவராயின் மகிழ்ந்து ஏற்போம்.

பெயர் ஏதாயினும், நோயை உறுதிசெய்வது இன்றும் ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் அப்பழைய முறையே. காய்ச்சலோடு வந்தவர் தமக்கு இனிப்பு நீர் உண்டென்பதையும், அண்மையில் வயலிலோ வடிகாலிலோ வெள்ளச் சேற்றிலோ இறங்கியதையும் மருத்துவரிடம் சொன்னால், மருத்துவர் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு குறிப்பு எழுதுவார். அக்குறிப்பு இல்லையேல், வளர்ந்த நுண்ணுயிரைத் தற்செயலாகக் கலந்த மாசு என்று ஒதுக்கிவிட இடமுண்டு. குறிப்பு இருந்தால், ஆஸ்திரேலியாவின் ஆஷ்டவுன் 1979 இல் வகுத்த தனி ஊடகத்தில் இரத்தம் இடப்படும். சில நாள்களில் ஊதா நிறத்தில், உலர்ந்து சுருக்கம் விழுந்த வட்டங்கள் அதில் தோன்றும். இரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்ட சுருக்கம் அதுவே.